புத்தளம் கோச்சியும் பிளாஸ்டிக் கற்களும்

இலங்கையின் புகையிரதப் பாதைகளுள் மிகக் குறைவாக எழுதப்பட்ட பாதை எதுவெனக் கேட்டால், புத்தளம் பாதையைத்தான் நான் சொல்லுவேன். மலையகப் பாதைக்கு அதன் சுரங்கங்களும் தேயிலைச் சரிவுகளும் புகழைத் தேடிக் கொடுத்தன. வடபாதையைப் பற்றி எழுதப்பட்டவற்றுக்குக் கணக்கேயில்லை. 1990இல் யாழ்தேவி நின்றுபோனதும், 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்ததும் நம்மவர் எல்லோருக்கும் தெரியும். தெற்குக் கரையோரப் பாதையை 2004 டிசம்பர் 26ஆம் திகதி பெரலியவில் கடல் விழுங்கிய புகையிரதத்தோடு சேர்த்து உலகமே நினைவில் வைத்திருக்கின்றது. ராகமையில் பிரிந்து, நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளம் போகும் பாதைக்கோ இப்படியொரு பெருங்கதை வாய்க்கவில்லை. அதனால் அதைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றவுமில்லை.

இந்தப் பாதையை எனது வீட்டு மேசையொன்றின் மேல் பிளாஸ்டிக் கற்களால் கட்டியெழுப்புவது எப்படி என்று சில மாதங்களாகத் திட்டம் போட்டு வருகின்றேன். லெகோ என்று உலகம் அழைக்கும் அதே விளையாட்டுக் கற்கள்தான். ஐம்பதைக் கடந்தவனுக்கு இதென்ன விளையாட்டு என்று வீட்டில் கேட்டார்கள். கேட்டதில் பிழையில்லை. ஆனால் கட்டத் தொடங்குவதற்கு முன்னரே, வெறும் தாளும் பென்சிலுமாகத் திட்டமிடும் நிலையிலேயே, இந்த விளையாட்டு என்னை வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றுவிட்டது. எதை வைப்பது, எதை விடுவது என்ற கேள்வி எழாமல் ஒரு துண்டுத் தண்டவாளத்தைக்கூட மேசையில் வைக்க முடியாது என்பதைக் கண்டுகொண்டேன். அந்தக் கேள்விகளையே இங்கு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

விளையாட்டின் கணக்கு

முதலில் இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் 1932இல் ஒரு தச்சர் தொடங்கிய மரப்பொம்மைப் பட்டறைதான் பின்னர் லெகோ நிறுவனமாக வளர்ந்தது. இன்று நாம் காணும் வடிவிலான கல்லுக்கு 1958இல் காப்புரிமை கோரப்பட்டது. 1966இல் மின்கலத்தால் ஓடும் புகையிரதம் சந்தைக்கு வந்தது. அதன் தண்டவாளங்கள் நீல நிறமானவை. 1991இல் உலோகத் தண்டவாளத்தின் வழியே 9 வோல்ட் மின்சாரம் பாயும் முறை வந்து, பின்னர் கைவிடப்பட்டது. 2018 முதல் கைத்தொலைபேசியாலும் இயக்கக்கூடிய எஞ்சின்கள் வருகின்றன. குழந்தைகளுக்கென்று செய்யப்பட்ட இப்பொருளைக் கொண்டு தாம் பிறந்து வளர்ந்த ஊரின் புகையிரத நிலையத்தைக் கட்டிப் பார்க்கும் பெரியவர்கள் இன்று உலகெங்கும் இருக்கின்றார்கள்.

லெகோத் தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் ஏறத்தாழ 37.5 மில்லிமீற்றர். இலங்கையின் அகலப்பாதை, இந்தியாவினுடையதைப் போலவே, 1676 மில்லிமீற்றர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 45 வரும். அதாவது எனது மேசையில் எல்லாமே உண்மையின் 45இல் ஒரு பங்காக இருக்க வேண்டும். நான்கு சென்ரிமீற்றர் உயரமான லெகோ மனிதனை 45ஆல் பெருக்கினால் 1.8 மீற்றர் வருகின்றது. கொஞ்சம் நெட்டையானவர், கொஞ்சம் தடித்தவர், ஆனாலும் மனிதர்தான். இதுவரைக்கும் கணக்கு ஒத்துழைக்கின்றது.

இனித்தான் சிக்கல். உண்மையான ஒரு கிலோமீற்றர் இந்த அளவில் 22 மீற்றராகின்றது. சிலாபத்திலிருந்து புத்தளம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். அதை அப்படியே செய்வதானால் ஒரு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளம் தேவை. ஒரு நேர்த்துண்டின் நீளம் 12.8 சென்ரிமீற்றர். ஆக, எண்ணாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட துண்டுகள் வேண்டும். என்னிடமுள்ள மேசையோ பத்தடி நீளம், ஐந்தடி அகலம். அந்தப் பத்தடி உண்மையில் 137 மீற்றருக்குச் சமம். ஒரு நிலையத்தின் மேடைகூட அதற்குள் முழுதாக அடங்குவது கடினம்.

வளைவும் இன்னொரு தொல்லை. பதினாறு வளைவுத் துண்டுகள் சேர்ந்தால் ஒரு வட்டம். அதன் ஆரை 32 சென்ரிமீற்றர் மட்டுமே. 18 மீற்றர் நீளமான பெட்டியொன்று நமது அளவில் 40 சென்ரிமீற்றர். அது அவ்வளவு இறுக்கமான வளைவில் திரும்பும்போது முனைகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே பெட்டிகளைக் குறுக்கியே செய்ய வேண்டும். ஒரு நன்மையும் உண்டு. பிளாஸ்டிக் எஞ்சின்களுக்கு ஏற்றம் பிடிக்காது. புத்தளம் பாதையோ உள்ளங்கையைப் போல் தட்டையானது. கடுகண்ணாவ ஏற்றத்தைக் கட்ட நினைப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

கிலோமீற்றர்களைக் குறைத்துச் சிலவற்றை மட்டும் தெரிந்தெடுப்பதே ஒரே வழி என்று கணக்கு சொல்லிவிட்டது. தெரிந்தெடுப்பதற்குப் பாதையின் கதையை அறிய வேண்டும்.

1909, 1916, 1926

இந்தப் பாதை ஒரே மூச்சில் போடப்பட்டதன்று. 1909இல் நீர்கொழும்பு வரையும், 1916இல் சிலாபம் வரையும், 1926இல் புத்தளம் வரையும் தண்டவாளம் வந்தது. இலங்கையின் முதற் புகையிரதம் ஓடியது 1864இல். மன்னார்த் தீவின் தலைமன்னாருக்கு 1914லேயே பாதை போய்ச் சேர்ந்துவிட்டது. கொழும்புக்கு அதைவிட அண்மையிலுள்ள புத்தளம் மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தது.

இதற்கு ஒரு காரணத்தை நான் நீரிலே தேடுகின்றேன். ஒல்லாந்தர் காலம் தொட்டே கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம், முந்தல், புத்தளம் எனக் களப்புகளை இணைத்து வெட்டப்பட்ட கால்வாய் வழி இருந்தது. உப்பும் கொப்பராவும் தும்பும் தட்டைப் படகுகளில் அந்த வழியே போயின. மேட்டு நிலத்துக் கோப்பியையும் தேயிலையையும் இறக்க வேறு வழியில்லாததால் அங்கே புகையிரதம் முந்திக்கொண்டது. புத்தளத்து உப்போ படகேறிப் போகக்கூடிய சரக்கு.

தெற்குப் பகுதியில் பாதை தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஓடுகின்றது. கொச்சிக்கடை, வைக்கால், லுணுவில, நாத்தாண்டியா, மாதம்பை என்று நிலையங்கள் தொடர்கின்றன. தென்னை ஆராய்ச்சி நிலையம் 1929இல் லுணுவிலயில்தான் அமைந்தது. சிலாபத்தைத் தாண்டித் தெதுறு ஓயாவைக் கடந்ததும் நிலத்தின் நிறம் மாறத் தொடங்கும். ஆனைவிழுந்தான், பத்துளுஓயா, புளிச்சாக்குளம், முந்தல், மதுரங்குளி, பாலாவி. தென்னை மெலிந்து பற்றைக்காடும் களப்பும் உப்பளமும் வந்துவிடும்.

வெளியூர் நண்பர்கள் இதனைக் கடலோரப் பாதை என்று எண்ணிக்கொள்கின்றார்கள். வரைபடத்தில் அப்படித்தான் தெரியும். வண்டியில் இருப்பவருக்கோ பெரும்பாலும் கடல் தெரிவதில்லை. பாதை உள்ளே தள்ளியே ஓடுகின்றது. கடலை நம்பி வாழும் உடப்பு, பத்துளுஓயாவுக்கு மேற்கே ஒதுங்கிக் கிடக்கின்றது. தமிழ் பேசும் மீனவர்கள் திரௌபதை அம்மனுக்குத் தீமிதிக்கும் ஊர் அது. தலவில மாதா கோயிலையும் ஒல்லாந்தர் கோட்டையையும் கொண்ட கற்பிட்டித் தீபகற்பத்துக்குத் தண்டவாளம் போகவேயில்லை. எனவே எனது திட்டத்தில் நீலக் கற்கள் குறைவு. பச்சையும் மண்ணிறமும் உப்புக்கான வெள்ளையுமே அதிகம்.

எந்த ஆண்டு?

மாதிரிப் பாதை கட்டும் அனுபவசாலிகள் முதலில் கேட்கும் கேள்வி, எந்த ஆண்டு என்பதுதான். எஞ்சின், பெட்டி, நிலையப் பலகை, மேடையில் நிற்பவரின் உடை எல்லாம் அந்த விடையைப் பொறுத்தவை. நான் முதலில் இதை ஓர் இலகுவான கேள்வி என்றே நினைத்தேன்.

1926ஐ எடுத்துக்கொண்டால் நீராவி எஞ்சின், உப்பு மூட்டை, கொப்பரா. பார்க்க அழகாயிருக்கும். அப்போது சிலாபத்துக்குத் தெற்கே இன்று சிங்களமே கேட்கும் கத்தோலிக்க மீனவக் குடியிருப்புகள் பலவற்றில் தமிழ் வீட்டுமொழியாக இருந்தது. கோயிலும் பாடசாலையும் மொழி மாற, இரண்டு மூன்று தலைமுறைக்குள் அந்தக் கரையின் பேச்சும் மாறியது. யாரும் துரத்தப்படவில்லை. பாட்டியின் மொழி பேரனுக்குத் தெரியாமல் போனது. அவ்வளவே.

1954ஐ எடுத்துக்கொண்டால் வேறொரு கவர்ச்சி. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா அன்பளிப்புச் செய்த எம்2 ரக டீசல் எஞ்சின்கள் இலங்கைக்கு வந்த ஆண்டு அது. அவற்றுக்குக் கனடாவின் மாகாணப் பெயர்களைச் சூட்டினார்கள். ஒன்று அல்பேர்ட்டா, இன்னொன்று ஒன்டாரியோ. இலங்கைப் புகையிரத நிலையங்களில் நின்று 'ஒன்டாரியோ' என்ற பெயரை எஞ்சினில் வாசித்த சிறுவர்கள் சிலர், 1983க்குப் பின்னர் அதே ஒன்டாரியோவில் குடியேறினார்கள். அவர்களுள் எவரும் இதை வாசிக்கக்கூடும். ஒரு புலம்பெயர் வாசகருக்கு இந்த எஞ்சினைவிடப் பொருத்தமான விளையாட்டுப் பொருளை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

எழுபதுகளையும் எண்பதுகளையும் எடுத்தால் சீமெந்து. பாலாவியில் எழுந்த சீமெந்து ஆலைக்குத் தேவையான சுண்ணாம்புக்கல், புத்தளத்துக்கு வடக்கே அறுவைக்காட்டில் வெட்டப்பட்டது. கல்லை ஆலைக்குக் கொண்டுவரத் தண்டவாளம் புத்தளத்தைத் தாண்டி வடக்கே நீண்டது. ஆகவே பயணிகளுக்கு முடிவிடமாக இருந்த ஊர், கல்லுக்கு இடைவழியாயிற்று. 1990இல் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை போரினால் நின்றபின், புத்தளத்து ஆலையின் முக்கியத்துவம் மேலும் கூடியது. மாதிரிப் பாதை கட்டுபவருக்குச் சுண்ணாம்புக்கல் வண்டி ஒரு வரப்பிரசாதம். ஒரே மாதிரியான குட்டைப் பெட்டிகள், ஏற்றுமிடம் ஒன்று, இறக்குமிடம் ஒன்று. போவதற்கும் வருவதற்கும் காரணமுள்ள வண்டி.

அதே அறுவைக்காட்டின் பெயர் பின்னர் வேறொரு காரணத்துக்காகச் செய்திகளில் அடிபட்டது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடி முப்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதன்பின் கொழும்பின் குப்பையைக் களனியிலிருந்து புகையிரதத்தில் ஏற்றி அறுவைக்காட்டில் கொட்டும் திட்டம் வேகம் பெற்றது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் புத்தளத்து மக்கள் வீதியில் இறங்கி அதை எதிர்த்தார்கள். ஒரு காலத்தில் இங்கிருந்து உப்பும் தேங்காயும் சீமெந்தும் தலைநகருக்குப் போயின. அதற்குப் பதிலாக அனுப்பத் தலைநகர் கண்டெடுத்த சரக்கு அதன் குப்பை. பலவற்றை எழுதி விளக்க வேண்டிய இந்த உறவை, மேசையில் ஓடும் இரண்டு சரக்கு வண்டிகள் ஒரு குழந்தைக்கும் காட்டிவிடும்.

தண்டவாளத்தில் வராதவர்கள்

இப்படி வண்டிகளின் வழியாகவே ஆண்டுகளைப் பட்டியலிட்டுக்கொண்டு போனபோதுதான் ஒரு பெரிய இடைவெளி கண்ணில் பட்டது. இந்தக் கரையின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றில் மிகப் பெரிய நிகழ்ச்சி எதுவென்றால், அது 1990 ஒக்டோபரில் நடந்தது. வட மாகாணத்து முஸ்லிம்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் வீடு, வயல், கடை அனைத்தையும் விட்டுக் கிளம்பினார்கள். அவர்களுள் மிகப் பலர் வந்து சேர்ந்த இடம் புத்தளம் மாவட்டம். மன்னார்த் தீவிலிருந்து வந்தவர்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். மற்றவர்கள் கால்நடையாகவும் லொறிகளிலும் வந்தார்கள். புகையிரதத்தில் அன்று.

அப்போது நான் பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவன். கிடுகுக் கொட்டில்கள் வரிசை வரிசையாக எழுந்ததைப் பார்த்தவன். சில மாதங்களுக்கு என்று போடப்பட்ட கிடுகுகளை மாற்றி மாற்றி வேய்ந்தே அவர்கள் ஆண்டுகளைக் கழித்தார்கள். அந்த முகாம்களில் பிறந்த குழந்தைகள் இன்று தாமே பிள்ளைகளைப் பெற்றவர்கள். ஏற்கெனவே வசதி குறைந்திருந்த புத்தளத்து மக்கள், தண்ணீரையும் பாடசாலை வாங்கையும் கூலிவேலையையும் வந்தவர்களோடு பங்கிட்டுக்கொண்டார்கள். அதில் அன்பும் இருந்தது, உரசலும் இருந்தது.

தண்டவாளத்தை மட்டும் பின்பற்றி ஒரு மாதிரி கட்டினால், இந்த மக்களுக்கு அதில் இடமே இல்லை. என்னைத் தயங்க வைத்த இடம் இதுதான். பொழுதுபோக்குக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். பிறர் துயரத்தைப் பொம்மையாக்குவது தகுமா என்ற கேள்வியையும் எளிதில் ஒதுக்க முடியவில்லை. லெகோ மனிதன் 1978இல் பிறந்தவன். தொடக்கத்தில் அவனுக்கு ஒரே ஒரு முகம்தான், சிரித்த முகம். வேறு முகபாவங்கள் 1989இல் கடற்கொள்ளையர் தொகுதியோடுதான் வந்தன. அந்தச் சிரிப்போடு 1990இன் கரையில் யாரை நிறுத்துவது?

மறுபக்கமும் ஒன்று உண்டு. தென்னந்தோப்பும் உப்பளமும் அழகான எஞ்சினும் கொண்ட ஒரு புத்தளத்தைக் கட்டி, வந்தவர்களை விட்டுவிட்டால், அது யாரும் வெளியேற்றப்படாத ஒரு நாட்டின் மாதிரியாகிவிடும். தமிழில் எழுதுகின்ற, தமிழில் வாசிக்கின்ற நாம் 1983ஐ மறவாதிருக்கும்படி உலகைக் கேட்டு வருகின்றோம். அப்படிக் கேட்பவர்களின் மேசையில் 1990க்கும் ஒரு மூலை இருந்தாக வேண்டும். அந்த வெளியேற்றம் தமிழின் பெயரால் நடந்தது. வெளியேற்றப்பட்டவர்களும் தமிழ் பேசுகின்றவர்கள்.

தீர்மானித்த திட்டம்

கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கை முழுவதையும் ஊர் ஊராக அகரவரிசையில் அடக்கி ஆங்கிலத்தில் ஓர் அகராதி வெளியிட்டார். ஒரு தீவை ஒரு புத்தகத்துக்குள் சுருக்குவதும் மாதிரி கட்டும் வேலைதான். எந்த ஊருக்கு எத்தனை வரி என்று அவரும் தீர்மானித்திருப்பார். அவரது மண்ணைக் கட்டுவதற்கு அவருடைய முறையையே கைக்கொள்கின்றேன். ஒரே ஆண்டைத் தெரிந்தெடுக்கப் போவதில்லை. இடங்களைத் தனித்தனிப் பதிவுகளாகக் கட்டப் போகின்றேன்.

தண்டவாளம் நிலையானது. நீள் பக்கங்களில் எட்டெட்டாகப் பதினாறு நேர்த்துண்டுகளும் இரு முனைகளிலும் எட்டெட்டு வளைவுகளும் சேர்ந்த ஒரு நீள்வட்டம். முன்பாதி மட்டும் பார்வைக்கு. பின்பாதியை ஒரு தடுப்புப் பலகை மறைக்கும். புத்தளம் போகின்ற வண்டி வட்டமடித்துத் திரும்புவதாகக் காட்டினால் அது பொய். மறைவுக்குள் போய்விட்டால் அது கொழும்புக்கோ அறுவைக்காட்டுக்கோ போயிருக்கலாம். தடுப்புக்குப் பின்னால் மேலதிகப் பாதைகள் இட்டு, நான்கு வண்டிகள் காத்திருக்கும். உப்பு மூட்டையுடன் நீராவி வண்டி, ஒன்டாரியோ என்ற பெயர் தாங்கிய டீசல், சுண்ணாம்புக்கல் வண்டி, கடைசியாக மூடிய கொள்கலன்களுடன் குப்பை வண்டி. ஒன்றன்பின் ஒன்றாக அவை முன்னால் வந்துபோகும்.

நிலக்காட்சி, 38 சென்ரிமீற்றர் சதுரப் பலகைகளில், கழற்றி மாட்டக்கூடியதாக இருக்கும். தோப்பு ஒரு பலகை, உப்பளம் ஒரு பலகை. கண்டல் மரங்கள் நிற்கும் களப்பு ஒரு பலகை. அதற்கு மாற்றாக, எண்பதுகளில் கண்டலை வெட்டி அமைத்து, 1996இன் வெண்புள்ளி நோயால் நொடித்துப்போன இறால் பண்ணைக் குளங்கள் இன்னொரு பலகை. இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தால் களப்புக்கு என்ன நேர்ந்தது என்பது புரியும்.

நிலையப் பெயர்ப்பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டுப் புள்ளி நீளமான ஒரு வழுவழுப்பான கல்லில் ஒட்டப்போகும் சிறு தாள்தான். அதற்கு ஆனைவிழுந்தான் நிலையத்தைத் தெரிந்துகொண்டேன். தமிழில் பொருள் விளங்கும் இப்பெயர் சிங்கள வழக்கில் ஆனவிலுந்தாவ என்று ஆகியிருக்கின்றது. 2001இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகப் பிரகடனம் செய்யப்பட்டபோது உலகுக்குப் போனதும் அந்த வடிவமே. பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். தமிழில் ஆனைவிழுந்தான் என்றே எழுதுவேன்.

ஐந்தாவது பலகை மேசையின் வடமேற்கு மூலையில், தண்டவாளத்துக்கு எட்டாத இடத்தில் இருக்கும். கற்பிட்டிக் கரை. கரையில் ஒதுங்கிய இரண்டு வள்ளங்கள். கொஞ்சம் தள்ளி, மண்ணிறத் தட்டைக் கற்களால் வேய்ந்த கொட்டில்கள் ஆறு. இறங்கி நடக்கும் மனிதர்கள் பார்ப்பவருக்கு முதுகைக் காட்டியபடி இருப்பார்கள். லெகோவின் சிரித்த முகத்துக்கு நான் கண்ட ஒரே தீர்வு அது. மற்றப் பலகைகளை ஆண்டுக்கு ஏற்பக் கழற்றி மாட்டலாம். இந்தப் பலகையை மட்டும் கழற்ற முடியாதபடி மேசையோடு திருகி வைக்கத் தீர்மானித்திருக்கின்றேன்.